உடைந்த கல்லின் நிறம்

அத்தியாயம் பதினொன்று

சாம்பலைக் கண்டால் எனக்குச் சட்டி கழுவுகிற ஞாபகம்தான் வரும். உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் பட்டாணிச்சூரில் மீராசாகிபுவின் மகள் றுமானாவுக்கு இரண்டு மூன்று மாதமாகப் பேச்சும் சாம்பல், மூச்சும் சாம்பல்.

போன கிழமை படிக்காமல் விட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீராசாகிபுவின் வீட்டோடு சேர்ந்த வளவில் கிணற்று வளையமும் சீமெந்துக் கல்லும் செய்வார்கள். வவுனியா நகரத்து மழைத் தண்ணீர் ஓடுவதற்குப் புதுக் கான் கட்டப்போகிறார்கள் என்றதும், அதற்கு வேண்டிய கான் துண்டுகளைத் தாங்கள் செய்துதருகிறோம் என்று குடும்பமே முன்வந்தது. கான் துண்டு என்றால் பெரிய விஷயமில்லை. மாட்டுத் தொட்டிக்கு இரண்டு முனையும் இல்லாவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு சீமெந்துத் துண்டு. வரிசையாகப் புதைத்துவிட்டால் அதுதான் கான்.

திட்டத்துப் பொறியியலாளர் யோகநாதன் ஒரு நிபந்தனை வைத்தார். சீமெந்தைக் குறைக்க வேண்டும். சீமெந்து சுடுகிற சூளையிலிருந்து காபனீரொட்சைட்டு ஏராளமாக வெளியேறுகிறதாம். ஒரு பை சீமெந்து செய்தால் கிட்டத்தட்ட அதே நிறைக்கு அந்த வாயுவும் ஆகாயத்துக்குப் போகிறதாம். வெள்ளத்தைச் சமாளிக்கக் கான் கட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, மழையையே தாறுமாறாக்குகிற வாயுவைக் கூட்டுவது என்ன நியாயம் என்று உதவி தருகிற வெளிநாட்டுக்காரர் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான்.

வழி கண்டுபிடித்தவள் றுமானா. அரிசி ஆலைகள் கொட்டுகிற உமிச் சாம்பல் இருக்கிறதே, நகரத்துக் கான்களை அடைத்துக்கொண்டு கிடக்கிற அதே சாம்பல், அதை அள்ளி வந்தாள். மறுபடி சுட்டாள், உரலில் இடித்தாள், தன்னுடைய பழைய சீலையில் அரித்தாள். சீமெந்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாம்பலைச் சேர்த்தாள். சிரட்டைகளில் வார்த்து வார்த்துப் பார்த்து அளவைப் பிடித்தாள். தன் கையால் ஒரு முழுத் துண்டும் வார்த்தாள். அது கறுத்துப்போய் இருந்ததென்று அவள் நானா என்று கூப்பிடுகிற தமையன் அஸ்வர் சிரிக்க, வாப்பா மட்டும் அதைக் கொண்டுபோய், தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்கிற குழாயடியில் போட்டுக்கொண்டார்.

பிறகு, சோதனைக்கென்று ஆறு துண்டுகள் வார்க்க வேண்டிய கிழமையில், தண்ணீரூற்று என்கிற ஊரில் பெரியவாப்பா மௌத்தாகிவிட்டார். அடக்கத்துக்காக றுமானாவும் வாப்பாவும் உம்மாவும் ஓமந்தை தாண்டிப் போய் மூன்று நாள் நிற்க வேண்டியதாயிற்று. வார்க்கிற வேலையை அவளுடைய கணவன் அர்ஷாத் பொறுப்பெடுத்தான்.

"உன்ட கலவையில வேற ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. நானே போடுறன்" என்று அவன் சொன்னான். அதைக் கேட்டு றுமானாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்த நிறைவோடு அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் போன கிழமை நான் பேனாவை வைத்தேன்.

துண்டுகள் வார்த்து இன்றைக்கு இருபத்தெட்டாம் நாள். ஒன்றை உடைத்துப் பார்க்கிற நாள். நோன்பு தொடங்கி ஆறாம் நாளும் இதுதான்.

*

காலை ஒன்பது மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது. பின்னேரம் மழை வரும் என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஆறு துண்டுகளும் ஈரச் சாக்கைப் போர்த்துக்கொண்டு வரிசையாகக் கிடந்தன. ஊரிலிருந்து திரும்பிய நாளிலிருந்து அவற்றுக்கு மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றியவள் றுமானாதான். பெற்ற பிள்ளையைக் கூட இப்படி நேரம் தவறாமல் பார்த்திருப்பாளோ தெரியாது.

"சாக்கை எடுக்கிறன். சாம்பல் கான் காத்தோட பறக்காட்டிச் சரி" என்றான் அஸ்வர்.

"நானா, நோன்போட வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ."

"நான் என்ன பொய்யா சொன்னனான்? மேல லொறி ஏறினா உள்ளுக்க இருக்கிறது சாம்பல்தானே எண்டுதான் சொல்றன்."

மீராசாகிபு மகனை முறைத்தார். அர்ஷாத் குனிந்து மணல் மூடைகளை எண்ணிக்கொண்டிருந்தான். வழக்கமாக அஸ்வர் வாயைத் திறந்தால் மனைவிக்காக முதலில் வரிந்துகட்டுகிறவன் அவன்தான். இன்றைக்கு விடியமுன் சகர் சாப்பிட்ட நேரத்திலிருந்தே அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. பாவம், என்னை விட இவருக்குத்தான் பயம் என்று றுமானா நினைத்துக்கொண்டாள். பெண்கள் எவ்வளவு தாராளமாக நினைத்துவிடுகிறோம், பாருங்கள்.

யோகநாதன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஆறையும் ஒரு தடவை சுற்றி வந்தார். எல்லாத் துண்டுக்கும் மேலே சீமெந்துத் தண்ணீர் பூசியிருந்ததால் உள்ளே என்ன நிறம் என்று பார்வைக்குத் தெரியாது. நான்காவதைக் கையால் தட்டினார்.

"இதை எடுப்பம்."

இரண்டு மரக்குற்றிகளின் மேல் அந்தத் துண்டைக் கவிழ்த்து வைத்தார்கள். அதன்மேல் பலகை. பலகையின்மேல் மணல் மூடைகள். முப்பது மூடை ஏற வேண்டும், ஏறி ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டும். அதுதான் கணக்கு.

பத்து மூடை ஏறியது. பதினைந்து. இருபதாவது மூடையில் பலகை கிரீச்சிட்டது. முப்பதாவதை அஸ்வரே தூக்கிப் போட்டான். பிறகு எல்லோரும் வேப்ப மர நிழலில் போய் நின்றார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் அவள் எத்தனை தடவை ஓதினாள் என்று அவளுக்கே தெரியாது.

துண்டு அசையவில்லை.

"வடிவா நிக்குது" என்றார் யோகநாதன். மூடைகளை இறக்கச் சொன்னார். "இனி உள்ளுக்குப் பாப்பம். சல்லிக்கல்லு சரியாப் பரவியிருக்கோ எண்டு பாக்க வேணும்."

அஸ்வர் சம்மட்டியை ஓங்கினான். முதல் அடிக்கு ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது அடியில்தான் பிளந்தது.

மீராசாகிபு இரண்டு கையையும் மேலே தூக்கினார். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. புத்தளத்தில் பன்னிரண்டு வருடம் அடுத்தவருடைய வளவில் கல் அரிந்தவர், சொந்தமாக ஒரு வளவு போட்டு முதல் முதல் ஒரு பெரிய வேலை கையில் வருகிறது. கலங்காமல் என்ன செய்யும்?

"தங்கச்சி, நான் சும்மா சொல்லேல்ல" என்றார் யோகநாதன். "இந்த அளவை நாங்கள் அறிக்கையில போடப்போறம். மன்னாரில, கிளிநொச்சியில, எல்லா இடமும் இதைப் பாத்துத்தான் வார்க்கப்போகினம். ஐஞ்சில ஒரு பங்கு சீமெந்து மிச்சம் எண்டால் விளையாட்டே? கலவை செய்த ஆள் எண்டு இதில ஒரு கையெழுத்து வையுங்கோ."

றுமானா அவர் நீட்டிய தாளைப் பார்க்கவில்லை. குனிந்து, உடைந்த துண்டில் ஒரு கைப்பிடி அளவானதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளிறிய நிறம். லேசாகப் பச்சை கலந்த மாதிரி. வளவில் கிடக்கிற எந்தக் கிணற்று வளையத்தை உடைத்தாலும் உள்ளே தெரிகிற நிறம்.

உமிச் சாம்பல் சேர்ந்த கலவை கறுக்கும். அவளுக்கு அது தெரியும். கைரேகைக்குள் இரண்டு மாதம் போகாமல் கிடந்த கறுப்பு அது.

"தங்கச்சி?"

"சேர், நாளைக்குக் காலமை தாறனே. ஒருக்கா வடிவா வாசிச்சிட்டு வைக்கிறன்."

"ஓம், ஓம். அவசரமில்லை. நாளைக்கு ஒன்பது மணிக்கு வாறன்."

அவள் அந்தக் கல்லைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது அர்ஷாத்தின் கண்கள் அந்த முடிச்சின்மேல் இருந்தன. உடனே அவன் திரும்பிக்கொண்டான்.

"நான் லுகர் தொழப் பள்ளிக்குப் போறன். அப்பிடியே ரவுண் சந்தைக்கும் ஒருக்காப் போகவேணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான். அந்த மதியத் தொழுகைக்கு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது.

*

அறைக்குள் கட்டிலுக்கு அடியில் ஓர் ஓலைக் கடகம். அதற்குள் அவளுடைய சிரட்டைகள். ஒவ்வொன்றிலும் திகதியும் அளவும் கரியால் எழுதி வைத்திருந்தாள். சரியான அளவு வந்த சிரட்டையை எடுத்து, அம்மிக் குழவியால் ஒரு போடு போட்டாள்.

உள்ளே கருஞ்சாம்பல் நிறம்.

இரண்டையும் யன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தேகப்பட ஒன்றும் இல்லை. முப்பது மூடை மணலைத் தாங்கியது அவளுடைய கலவை இல்லை. முழுச் சீமெந்து.

அப்படியானால் அவளுடைய கலவை தாங்குமா, தாங்காதா? யாருக்கும் தெரியாது. ஒரு சிரட்டையை வைத்து லொறியின் பாரத்தைச் சொல்ல முடியுமா? நாளைக்கு அவள் கையெழுத்து வைத்தால், யாரும் சோதிக்காத ஓர் அளவு அவளுடைய பெயரோடு மன்னாருக்கும் கிளிநொச்சிக்கும் போகும். அதை நம்பி வார்ப்பார்கள், அதன்மேல் சனம் நடக்கும். உடைந்தால், உடைந்தது றுமானாவின் கான்.

யார் செய்திருப்பார்கள் என்று அவள் நெடுநேரம் யோசிக்கவில்லை. இரண்டு மாதமாக நக்கல் அடித்துக்கொண்டு திரிந்தவன் ஒருவன்தானே? நேரே வளவுக்குப் போனாள்.

அஸ்வர் உடைந்த துண்டுகளைச் சவளால் வண்டிலில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் கல்லை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ட கலவை இல்ல."

"என்ன?"

"நிறத்தைப் பாருங்கோ. இதில ஒரு பிடி சாம்பல் கூட இல்ல. முழுச் சீமெந்து. ஏன் நானா இப்பிடிச் செய்தனீங்கள்? நான் தோத்தா உங்களுக்கு வெக்கம் எண்டா?"

அஸ்வர் சவளைக் கீழே வைத்தான். கல்லை வாங்கிப் பார்த்தான். விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நோன்போட சொல்றன் றுமானா. நான் கை வைக்கேல்ல."

நோன்போடு சொல்கிறேன் என்ற வார்த்தைக்கு மேல் அந்த வீட்டில் கேள்வி இல்லை. பசியையும் தாகத்தையும் பொறுத்துக்கொண்டிருக்கிற வாயால் பொய் சொன்னால் பட்டினி மட்டும்தான் மிச்சம் என்று அவர்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். அஸ்வர் ஐந்து வேளையும் தொழுகிறவன் இல்லை. ஆனால் நோன்பை விட்டதும் இல்லை, நோன்போடு பொய் சொன்னதும் இல்லை.

"அந்த மூண்டு நாளும் நான் மணல் ஏத்தப் போனனான். உனக்குத் தெரியும்தானே?" என்றான். "நான் கேலி பண்ணினனான், ஓம். ஆனா உன்ட முகத்துக்கு நேரதான் பண்ணினனான்."

அவள் ஒரு கிணற்று வளையத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப ஆர்?"

அஸ்வர் சவளை எடுத்து மறுபடி அள்ளத் தொடங்கினான். சொல்லாமல் விட்டது அவனுடைய நல்ல குணம். அந்த மூன்று நாளும் தண்ணீரூற்றுக்குப் போகாமல் நின்றவர்கள் இரண்டே இரண்டு பேர், அதில் ஒருவன் மணல் ஏற்றப் போயிருந்தான்.

*

குசினியில் சபூறா நோன்புக் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். சபூறா றுமானாவின் உம்மா. வெள்ளை மனசுக்காரி. வீட்டில் எது நடந்தாலும் கடைசியாகத் தெரியவருவது அவளுக்குத்தான்.

"மகள், முகம் ஏன் வாடிக் கிடக்கு? போய்ச் சாயன், கஞ்சியை நான் பாக்கிறன்" என்றாள்.

"இல்லை உம்மா. தாங்கோ, சட்டியைக் கழுவித் தாறன்."

"அது கழுவியாச்சு. பாரன், கண்ணாடி மாதிரி மினுங்குது. இந்தச் சாம்பல் மாதிரி நல்ல சாம்பல் நான் கண்டதில்ல. மாவு மாதிரி இருக்கு, சட்டியில ஒரு கீறல் விழேல்ல."

றுமானா திரும்பிப் பார்த்தாள். குசினி மூலையில் ஒரு சாக்கு, பாதிக்கு மேல் காலி. அதற்குப் பின்னால் கட்டவிழ்க்காத இன்னும் மூன்று. சாக்கின் வாய் சிவப்பு நாடாவால் கட்டியிருந்தது. அந்த நாடா அவளுடைய பழைய பாவாடையில் கிழித்தது.

"இது ஆர் தந்தது?"

"மருமகன்தான். நாங்கள் தண்ணீரூற்றால வந்த அண்டைக்குக் கொண்டந்து தந்தவர். மிஞ்சின சாம்பல் மாமி, சட்டி கழுவ வைச்சுக்கொள்ளுங்கோ, றுமானாட்டச் சொல்லத் தேவையில்ல எண்டு..."

சபூறாவின் குரல் பாதியில் நின்றது. மகளுடைய முகத்தைப் பார்த்ததும் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு விளங்கியது. எது பிழை என்று மட்டும் விளங்கவில்லை.

றுமானா சாக்குக்குள் கையை விட்டாள். இரண்டு மாதம் அவள் இடித்த சாம்பல், அரித்த சாம்பல். மூக்கில் ஏறித் தும்மித் தும்மி, சளி கூடக் கறுப்பாய்ப் போன சாம்பல். இத்தனை நாளாக அவள் வெளியே அந்தத் துண்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே உம்மா அவளுடைய சாம்பலால் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டையும் அவன் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து, 'கை நோகுதா, நான் ஊத்தவா' என்று கேட்டிருக்கிறான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது. ஊரே தன்னைப் பார்த்துச் சிரித்திருந்தாலும் தாங்கியிருப்பாள். நம்புகிறேன் என்று சொன்ன ஒரே ஓர் ஆளும் நம்பவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அவனைப் பிடித்துக் கேட்க வேண்டும். ஆனால் அர்ஷாத் லுகருக்குப் பிறகு வரவில்லை. பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லியும் வரவில்லை. பள்ளியில் கண்டதாக ஒருவர் சொன்னார், சந்தையடியில் கண்டதாக இன்னொருவர் சொன்னார். நோன்பு நாளில் ஐந்து மணிக்குள் வீட்டுக்கு வந்து கஞ்சி வாசனை பிடிக்கிற மனிதன், இன்றைக்கு ஐந்தரை ஆகியும் காணவில்லை.

ஏன் வரவில்லை என்று அவளுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். நோன்போடு பொய் சொல்ல அவனால் முடியாது. அதனால் நோன்பு திறக்கட்டும் என்று காத்திருக்கிறான்.

றுமானா ஒரு துண்டுக் கடதாசியில் இரண்டு பேரீச்சம்பழத்தை மடித்தாள். உடைந்த கல்லை எடுத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படலையைத் திறந்து வெளியே போனாள்.

*

ஒழுங்கை முடிகிற இடத்தில், பூட்டிய கடையின் தாழ்வாரத்துக்குக் கீழே, சைக்கிளைப் பிடித்தபடி அர்ஷாத் நின்றுகொண்டிருந்தான். அடிக்கடி பள்ளிவாசல் பக்கம் பார்த்துக்கொண்டான். தூறல் தொடங்கியிருந்தது.

அவளைக் கண்டதும் அவனுடைய முகம் செத்துப்போயிற்று.

"மழைக்குள்ள ஏன் வந்தனீ? இந்தா, நான் வாறன்தானே. பாங்கு சொல்லப்போகுது, வீட்டை போய்க் கதைப்பம்."

"பாங்குக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு. இப்ப சொல்லுங்கோ."

"எதை?"

அவள் கல்லைக் கடையின் படியில் வைத்தாள்.

"நோன்போட சொல்லுங்கோ. இதில என்ட சாம்பல் இருக்கா?"

அவன் கல்லைப் பார்த்தான். வீதியைப் பார்த்தான். ஒரு ட்ராக்டர் சத்தத்தோடு கடந்து போனது.

"சொல்லுங்கோ."

"இல்லை" என்றான்.

அவளுக்குத் தெரிந்ததுதான். இருந்தும் அவன் வாயால் கேட்டபோது நெஞ்சுக்குள் எதுவோ அறுந்த மாதிரி இருந்தது.

"ஆறிலயும் இல்லையா?"

"ஆறிலயும் இல்ல. றுமானா, கேள். நான் கெட்ட எண்ணத்தில செய்யேல்ல. அச்சுக்குப் பக்கத்தில கலவையைக் குழைச்சுப் பாத்தன். தண்ணி கூடக் குடிச்சுது, இறுகேல்ல. எனக்குப் பயம் வந்திட்டுது. எல்லாருக்கும் முன்னால அது உடைஞ்சு விழுந்தா அஸ்வர் மச்சான் என்ன கதைப்பார்? ஊர் என்ன கதைக்கும்? ஒரு பொம்பிளை சாம்பலை வைச்சுக் கூத்தாடினாள் எண்டு சொல்லுவாங்கள். உன்னை வெல்ல வைக்கத்தான் செய்தன்."

"சாம்பல் சேந்தா மெல்லத்தான் இறுகும். அதை நான் உங்களுக்குச் சொன்னனான். எழுதியும் தந்தனான்."

"சொன்னனீதான்."

"பிறகும் நம்பேல்ல."

அவன் சைக்கிளின் கைப்பிடியைத் திருப்பினான்.

"நான் வெல்லேல்ல. சீமெந்துதான் வெண்டது" என்றாள் றுமானா. "நானா என்னை நம்பேல்ல. ஆனா அவர் நம்பேல்ல எண்டு சொல்லிப்போட்டு நம்பாமல் இருந்தவர். நீங்க நம்புறன் எண்டு சொல்லிப்போட்டு என்ட சாம்பலை உம்மாட்ட சட்டி கழுவக் குடுத்தனீங்கள். நான் இத்தனை நாளா ஆருடைய கல்லுக்குத் தண்ணி ஊத்தினனான்?"

"கையெழுத்தை வை. பேந்து வார்க்கிறதை எல்லாம் உன்ட அளவிலயே வார்ப்பம். ஆணையா. இப்ப இது ஒருத்தருக்கும் தெரியாதுதானே?"

"எனக்குத் தெரியும்."

பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. றுமானா கடதாசியைப் பிரித்து ஒரு பேரீச்சம்பழத்தைத் தன் வாயில் போட்டாள். மற்றதை அவனுடைய கையில் வைத்தாள். நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் கொடுப்பது பெரிய நன்மை. கோபத்துக்கு அதில் இடமில்லை.

"இனி நோன்பு இல்ல. இனி நீங்க என்னவும் சொல்லலாம்" என்றாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

*

வீட்டில் எல்லோரும் கஞ்சிக் கோப்பையோடு இருந்தார்கள். நனைந்துகொண்டு உள்ளே வந்தவள் நின்றபடியே சொன்னாள்.

"வாப்பா, காலமை உடைச்சது என்ட கலவை இல்ல. முழுச் சீமெந்து. நாளைக்கு யோகநாதன் சேரிட்ட சொல்லப்போறன்."

மீராசாகிபுவின் கோப்பை வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றது. ஆர் செய்தது என்று அவர் கேட்கவில்லை. வாசலில் சைக்கிளோடு வந்து நின்ற மருமகனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். வேலை கைவிட்டுப் போகப்போகிறது என்பது அவருக்கு விளங்கியது. ஒரு கணம் வேறு விதமாகவும் அவர் நினைத்திருப்பார். மனிதர்தானே.

"சொன்னா, திருப்பிச் சோதிக்கத் துண்டு வேணுமே மகள்" என்றார் கடைசியில். "புதுசா வார்த்து இருபத்தெட்டு நாள் நிக்க அவை பொறுப்பினமா?"

"ஒண்டு இருக்கு."

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. கிழவரின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"என்ட ஒளுத் தண்ணிக் கானை உடைக்கப்போறாய்."

"ஓம் வாப்பா. அது ஒண்டுதான் நான் வார்த்தது. அது ஒண்டுதான் உண்மை."

தொழுதுவிட்டு எல்லோரும் குழாயடிக்குப் போனார்கள். மழை விட்டிருந்தது, மேற்கில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கிடந்தது. கறுத்த கான் துண்டு பாதி சேற்றில் புதைந்து, அதற்குள் தண்ணீர் வாழையடிக்கு ஓடிக்கொண்டிருந்தது. அஸ்வர் மண்ணைத் தோண்டி விளிம்பை வெளியே எடுத்தான். டோர்ச்சை அடித்துப் பார்த்தான். அடித்த வெளிச்சம் ஓர் இடத்தில் நின்றுவிட்டது.

"றுமானா, இதில ஒரு கோடு போகுது."

அந்த நாள் முழுவதிலும் வளவு வேலையில் அவன் நக்கல் இல்லாமல் சொன்ன வார்த்தைகளை எண்ணிவிடலாம். இது அதில் ஒன்று. அவள் குனிந்து விரலால் தடவினாள். தலைமயிர் அளவுக் கோடு. வாழை வேர் படிந்த அடையாளமோ, வெடிப்போ, விரலுக்குத் தெரியவில்லை.

"அதுக்குத்தான் நான்..." என்று பின்னால் இருந்து அர்ஷாத் தொடங்கினான்.

"நீங்க கதைக்க வேண்டாம்."

அவள் எழுந்து அவனை நேருக்கு நேர் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் அவன் கண்ணை எடுக்காமல் நின்றான்.

"நாளைக்கு இது உடைஞ்சா, நான் தோத்திட்டன் எண்டு எல்லாருக்கும் முன்னால நானே சொல்லுவன். வெற்றியைத்தான் எடுத்துப்போட்டீங்கள். தோல்வியையாவது எனக்கு விடுங்கோ."

கான் துண்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை அவள் பிடித்தாள். மற்ற முனைக்கு அர்ஷாத் ஓரடி முன்னால் வந்து குனிந்தான்.

"நானா, நீங்க வந்து பிடியுங்கோ" என்றாள் றுமானா.

அஸ்வர் மச்சானைப் பார்க்காமல் வந்து பிடித்தான். இருவரும் மெல்ல மெல்ல அடியெடுத்து வளவுக்கு நடந்தார்கள். அர்ஷாத் குழாயடியிலேயே நின்றான். அவள் கொடுத்த பேரீச்சம்பழம் இன்னும் அவனுடைய கையில் இருந்தது.